இன்ஜினைக் கழித்த குரல்

எங்கள் பக்கத்தில் இரைச்சல் தாங்க முடியாமல் போனால் 'காது ரொம்பிப் போச்சு' என்பார்கள், குடம் ரொம்புவது மாதிரி. ரொம்பிய காதிலிருந்து ஒன்றை மட்டும் இறைத்து எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு என் தங்கை முறையாகிற ஒருத்தி ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரத்திலிருந்து படகேறி என் கடைக்கு வந்தாள்.

பழவேற்காடு கடைத்தெருவில் செல்போன் பழுது பார்த்து, திருவிழாவுக்கு மைக்செட் கட்டிப் பிழைக்கிறவன் நான். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஸ்பீக்கரில் வரும் உறுமலை எப்படிப் போக்குவது என்று தேடப் போய், வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் ஃபூரியர் தொடரில் வந்து நின்றவன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற எந்தச் சத்தத்தையும், கடிகார முள் மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிற அம்புகளாகப் பிரித்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம். பழகுவதற்காக, பாதி நேரம் ஒன்று, பாதி நேரம் பூஜ்யம் என்று மாறி மாறி வரும் சதுர அலையைக் கையாலேயே கணக்குப் போட்டேன். சுற்றாமல் நிற்கிற அம்பு அரை. ஒரு அலைக்குள் இரண்டு, நான்கு என்று இரட்டை எண்ணில் சுற்றுகிற அம்புகள் எல்லாம் பூஜ்யம். ஒற்றை எண்ணாக இருந்தால், வட்டக் கணக்கில் வருகிற பை (π) என்ற எண்ணை அந்த எண்ணால் பெருக்கி ஒன்றை அதனால் வகுத்த நீளம். விடை சரியாக வந்த சந்தோஷத்தில் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சோறு ஆறுகிறது என்றாள்.

தங்கையின் வீட்டுக்காரர் போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டார். கூடப் போனவரும் மிஞ்சவில்லை. அன்று விடியற்காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. கடலை விட்டுவிட்டு மீஞ்சூரில் ஏதாவது கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். பதிலே சொல்லாமல், சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். பகலில் அவள் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தபோது, வீட்டில் கிடந்த போனுக்கு அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. முழுக்க இன்ஜின் சத்தம். அடியில் எங்கேயோ அவர் குரல்.

"கோவமா பேசறாரா, சாதாரணமா பேசறாரா, அது மட்டும் தெரிஞ்சா போதும்ணா" என்றாள்.

இன்ஜின் சத்தம் என்பது தட்டல் மேல் தட்டல். ஒரு தட்டலிலிருந்து அடுத்த தட்டல் வரை ஒரு காலம். அந்தக் காலத்துக்குள் ஒரு சுற்று சுற்றும் அம்பு, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஜோடி உண்டு. இரண்டையும் கூட்டினால் பக்கவாட்டு ஆட்டம் அடிபட்டுப்போய், நம் காதுக்கு வருகிற அதிர்வு மட்டும் மிஞ்சும். எந்த அம்பு எவ்வளவு நீளம் என்று தெரிய, மொத்தச் சத்தத்தையும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். அந்த வேகத்து அம்பு அசையாமல் நின்றுவிடும். மற்றவை சுற்றிக்கொண்டே இருப்பதால் முழுக் காலத்துக்கும் சராசரி எடுத்தால் ஒன்றுமில்லாமல் போகும். நின்றதன் நீளமும் அது சாய்ந்திருக்கும் கோணமும்தான் கெழு. கெழு எல்லாம் கிடைத்துவிட்டால் இன்ஜினை அப்படியே திரும்பக் கட்டி, பதிவிலிருந்து கழித்துவிடலாம்.

கழித்தேன். இன்ஜின் போனது. கூடவே அவரும் போய்விட்டார். சொல்லின் முனைகள் மட்டும் 'க்', 'ட்' என்று உதிர்ந்து கிடந்தன.

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. படகில் போகிறவர்கள் கத்திப் பேசமாட்டார்கள், தொண்டை கட்டிவிடும். இன்ஜின் எந்தச் சுருதியில் ஓடுகிறதோ அதிலேயே குரலை வைத்து, சொல்லின் கடைசியை இழுப்பார்கள். அப்போதுதான் படகின் எதிர்முனையில் இருப்பவனுக்குக் கேட்கும். நானும் போயிருக்கிறேன், நானும் அப்படித்தான் இழுத்திருக்கிறேன். ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு அம்புகள் சேர்ந்து ஒரே அம்பாகிவிடும். எது இரும்பு, எது மனுஷன் என்று கெழுவுக்குத் தெரியாது. நான் பதிவு முழுவதற்கும் சராசரி எடுத்திருந்தேன். அவர் இழுத்த இழுப்பெல்லாம் இன்ஜின் கணக்கில் சேர்ந்து கழிந்துவிட்டது.

பிறகு, அவர் வாய் திறப்பதற்கு முன்னால் இன்ஜின் மட்டும் ஓடுகிற சின்னத் துண்டை எடுத்து, அதற்கு மட்டும் கெழு கண்டுபிடித்து, அந்த அளவைத்தான் கழித்தேன். நல்ல வேளை, அவர் வேகத்தை மாற்றவில்லை. குரல் எழுந்து வந்தது. கரகரப்புதான், ஆனால் சொல் தெரிந்தது. கேட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவள் வந்தாள். முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் ஹெட்போனைக் கொடுத்தேன்.

"கயித்த விடு நைனா, வல மாட்டிக்கினு கீது. இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம்."

அவ்வளவுதான். கூட இருந்தவரிடம் பேசியிருக்கிறார். நனையாமலிருக்க பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிய போன், எங்கோ அழுந்தித் தானாகப் பதிந்து, தானாகப் போயிருக்கிறது.

அவள் மறுபடி கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் மெதுவாக வைத்தாள்.

"எனக்கு இல்லியாண்ணா இது?"

இல்லம்மா என்றேன். குரலில் கோபம் துளியும் இல்லை, வேலை மும்முரம்தான் என்றேன். அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நான் கேட்டதுக்கு அவரு இன்னும் பதிலே சொல்லல" என்றாள். தன் போனை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

சுத்தம் செய்ததை அவள் போனில் ஏற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ணா. பழசே இருக்கட்டும். அதுல இன்னா சொல்றாருன்னு தெரியாது இல்ல. இதயும் நீ வெச்சிக்காத, அழிச்சிடு."

அவள் பார்க்கப் பார்க்க அழித்தேன். கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டதென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.