பத்துப் புள்ளி

இதயத்தின் படத்தைத் திரையில் பார்ப்பது என் தொழிலில் ஒரு பாதி. பார்த்ததை வெளியே சொல்லாமல் இருப்பது மீதிப் பாதி. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்து, மூடிய வாயோடு பஸ் ஏறி வீடு போய்ச் சேருகிற ஜென்மங்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாதிப் பேருக்கு

செங்கல்பட்டுப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. இதயத் தசை பலமிழந்து, இனி மாத்திரைக்குப் பெரிதாகக் கேட்காது என்ற நிலையில் வருகிறவர்களுக்கானது அது. தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் விடுவார்கள். அதன் நுனியிலிருந்து ஒரு ஊசி எட்டிப் பார்த்து, தசைக்குள்ளேயே புது மருந்தைப் போடும். மொத்தம் பத்து இடம். இன்னொரு குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கும். அது அனுப்பும் படத்தைப் பார்த்து ஊசிக்கு வழி சொல்வது என் வேலை. மருந்து இறங்கியதும் தசையில் வெள்ளையாக ஒரு புள்ளி விழும். நான் "தெரியுது" என்பேன். டாக்டர் அடுத்த இடத்துக்குப் போவார்.

பாதிப் பேருக்குத்தான் மருந்து. மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லையாம். மற்றப் பாதிக்கும் குழாய் போகும், டாக்டர் பத்து எண்ணுவார், நானும் பத்து முறை "தெரியுது" என்பேன். ஊசி மட்டும் வெளியே வராது. அரை மயக்கத்தில் படுத்திருக்கிறவர் காதில் எல்லாருக்கும் ஒரே சத்தம் விழ வேண்டும் என்பது விதி. இதையெல்லாம் முன்கூட்டியே படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால், கிடைக்காதவர்களுக்கும் அப்போது மருந்தைப் போட்டுவிடுவார்கள்.

முதலில் வந்தவர் மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். அவருக்குப் பத்துப் புள்ளியும் அழகாக விழுந்தன. மனசுக்குள் கைதட்டினேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் என்னை மடக்கி, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி சிரித்தார்.

"எனக்கு ஒண்ணுமே போடல, கரெக்டா மேடம்? எங்க கம்பெனி பஸ்ஸே அதான் சொல்லுது!"

லாஞ்சு டிரைவர்

ஏழுமலை சதுரங்கப்பட்டினத்துக்காரர். காசிமேட்டில் பல வருஷம் லாஞ்சு, அதாவது மீன்பிடி விசைப்படகு, ஓட்டியவர். எங்களிடம் வந்தபோது ஐம்பத்திரண்டு வயது. மூன்று தலையணையில் சாய்ந்துதான் தூங்க முடியும், பாத்ரூம் போய்வந்தால் மூச்சு வாங்கும் என்ற நிலை. கூட மனைவி செல்வி. டாக்டர் காகிதத்தைப் படித்து, பாதிப் பேர் விஷயத்தை இரண்டு முறை விளக்கினார். ஏழுமலை தலையாட்டினார். செல்வி ஆட்டவில்லை. யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், தானே நினைத்தாலும் மாற்ற முடியாது என்றார் டாக்டர்.

செல்வி அவரைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "அது இன்னாவோ சார், எனக்குப் புரியல. போடற பாதில இவர வெச்சிக்கோங்க."

ஈயக் கண்ணாடி

கம்ப்யூட்டர் அவரை மற்றப் பாதியில் வைத்தது.

டாக்டர் எண்ண ஆரம்பித்தார். நான் வெறும் தசையைப் பார்த்துக்கொண்டே "தெரியுது" என்றேன். நாலாவதில் தடுமாறிவிட்டேன். வெளியே பெஞ்சில் கை கூப்பியபடியே உட்கார்ந்திருந்தவளின் நினைப்பு வந்துவிட்டது. டாக்டர் திரும்பி முறைத்த பிறகுதான் சொன்னேன். எக்ஸ்ரே டாக்டர் மேல் படாமலிருக்க, படுத்திருப்பவருக்கு மேலே ஒரு ஈயக் கண்ணாடி தொங்கும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என் திரை அதில் பிரதிபலிக்கும். அன்றைக்கு அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் திரைக்கு நானே பொறுப்பு, பார்த்திருக்க வேண்டும்.

குழாயை எடுத்து முடித்ததும் ஏழுமலை என் பக்கம் தலையைத் திருப்பினார். மயக்கத்தில் உளறுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க லாஞ்சுலயும் எக்கோ கீது மேடம். மீன் இருந்தா புள்ளி வுழும்."

ஒரே பஸ்

பிறகு எடுக்கும் பரிசோதனைகளை வேறொரு பெண் செய்வாள். உண்மை தெரிந்தவள் என்பதால் நான் நோயாளிகள் கண்ணில் படக்கூடாது. சட்டம் போட்டவர்களுக்கு என்ன, என் வீடு திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறது. சதுரங்கப்பட்டினம் போகிறவர்களுக்கும் அதே பஸ்தான். மூன்றாம் மாதம் ஒரு நாள் ஏழுமலை எனக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தார். செல்வி முன்னால், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடில பாத்தேன். ஒண்ணு கூட வுழல" என்றார், கோபமே இல்லாமல்.

நோயாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டால் நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அவரை விலக்கிவிடுவார்கள். வருஷக் கடைசியில் கிடைக்க வேண்டிய நிஜ ஊசியும் போய்விடும். இதை அவரிடமே சொன்னேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பதில் சொன்னார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. செய்தது தப்பு. இன்றைக்குக் கேட்டாலும் எழுத மாட்டேன்.

"எழுதாதம்மா. இன்னும் ஒம்போது மாசம், இஸ்துகினு போயிடறேன். செல்விக்கு மட்டும் தெரிய வேணாம். அவ இப்பதான் தூங்கவே ஆரம்பிச்சிகிறா."

ஆறு நிமிஷம்

ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று காரிடாரில் வைத்துப் பார்ப்போம். ஒன்பதாம் மாதம் ஏழுமலை நடந்தபோது, நான் எக்கோ அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். போன தடவை கடைசித் தூணைத் தொட்டுத் திரும்பியவர், இந்தத் தடவை பாதியில் சுவரைப் பிடித்து நின்றார். நின்ற இடத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். மூன்று விரலைக் காட்டினார். இன்னும் மூன்று மாதம். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கதவுக்கு வெளியே செல்வி நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "இந்த தபா அவசரப்படாம நிதானமா வராரு பாருங்க. மருந்து உள்ள வேலை செஞ்சிகினு கீது."

மீதி மாத்திரை

பதினோராம் மாதம், காலைக் காபியைக் குடிக்கும்போது ஏழுமலை செத்துப்போனார்.

ஆராய்ச்சியில் இருப்பவர் இறந்தாலும், ஊசியோடு சேர்த்து எல்லாருக்கும் நாங்கள் கொடுக்கும் தினசரி மாத்திரைகளில் மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஆபீஸிலிருந்து போன் போட்டுக் கேட்பார்கள். காரியம் முடிந்த மறுநாளே செல்வி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வேளை மாத்திரை கூட அவர் தவறவிட்டிருக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். வேலை போனாலும் போகட்டும், இவளிடம் இனி பொய் வேண்டாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பத்துப் புள்ளியும் வுழுந்துச்சாம் மேடம். மேல தொங்கற கண்ணாடில என் கண்ணால பாத்தேன்னு கடைசி நாள் வரிக்கும் சொல்லிகினே இருந்தாரு. அந்த மருந்துலதான் இந்தப் பதினோரு மாசம் அவர வெச்சிகினு இருந்தேன். நீங்களும் பாத்தீங்க இல்ல?"

"பார்த்தேன், பத்தும் தெரிஞ்சுது" என்றேன்.

ஏழுமலைக்காக நான் மொத்தம் பதினோரு பொய் சொல்லியிருக்கிறேன். பத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள், தடுமாறாமல் வந்தது பதினொன்றாவதுதான்.