ஹஜ்ரத்துக்குப் போன சோறு

சோற்றை ஆறவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரையே பார்க்கிற என் பேரனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ரகத்து மனிதரைச் சிறுவயதிலேயே பார்த்துச் சலித்தவள் நான்.

மதுரையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்கு, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து மதியச் சோறு போகும். எங்கள் முறை வியாழக்கிழமை. தூக்குச்சட்டியைச் சுமப்பவள் நான். அரபி, பார்ஸி, உருது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது போதாதென்று சமஸ்கிருதமும் இங்கிலீஷும் படித்துக்கொண்டிருந்தார். நான் போனதும், "வாம்மா, இந்த வரியில விரல வை" என்பார். ஒரு புத்தகத்தில் என் வலது விரல், இன்னொன்றில் இடது விரல். அவர் மூன்றாவதைப் புரட்டுவார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ல நேரமானதும் எழுந்து, "எடுத்துட்டுப் போம்மா" என்பார். சட்டியைத் திறந்தே இருக்கமாட்டார். எனக்கோ வெட்கத்தில் வாய் திறக்காது.

முதல் வாரம் சோறு அப்படியே திரும்பியதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள்.

"ஊருச் சோறெல்லாம் எறங்குது, என் சோறு மட்டும் எறங்கலையா? உப்பு கூடிப்போச்சாடி? சொல்லேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

அடுத்த வாரம் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் நானே தின்றேன். சட்டியைக் கழுவிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்கடுத்த வாரம் கறியும் ஆக்கினாள், முட்டையும் அவித்து வைத்தாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இதே வேலையைத்தான் செய்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதத்தில் ஹஜ்ரத் தொழுகைக்கு நடுவே மயங்கி விழுந்தார். பட்டினி என்றார் டாக்டர். அவர் அறை வாசலில் தெருவே கூடிவிட்டது.

"இம்புட்டு வீட்டுச் சோறும் எங்க போகுது ஹஜ்ரத்?" என்று கேட்டார் என் அத்தா.

பிள்ளைகள் எல்லாரும் அவரவர் அம்மாவின் முந்தானைக்குள். ஹஜ்ரத் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"சட்டி காலியாத்தானே திரும்புது? பொம்பளைக மேல குத்தம் சொல்லாதீக. குறை எங்கிட்டதான்."

தான் சாப்பிடவில்லை என்பதுகூடத் தெரியாத மனுசனுக்கு இத்தனை பாஷை எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வியாழன் அவர் சொல்லாமலே விரலை வரியில் வைத்தேன். அவர் புத்தகத்தை மூடினார். சோற்றைச் சரிபாதியாகப் பிரித்தார். முட்டையைப் புத்தகம் தைக்கிற நூலால் இரண்டாக அறுத்தார். என் பங்கைச் சட்டி மூடியில் வைத்துத் தள்ளினார்.

"இங்கனயே உக்காந்து தின்னும்மா. தொட்டிக்குப் பின்னாடி வெயிலு."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. போன வாரம் முழு முட்டை கிடைத்ததே என்ற எரிச்சலோடு தின்று முடித்தேன்.