முரளி மாட்டிய ரிசீவர்

முரளி போய்விட்டாராம். நேற்று காலை, சென்னையில்... மாரடைப்பு.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி. வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எனக்கு அதைப் போடக் கை வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். காஞ்சிபுரத்தில் பட்டு நூல் முறுக்கும் மில் ஒன்றில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன்.

எந்த மெஷினின் மூடியைத் திறந்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும் என்று ஒயர் இல்லாத ஸ்விட்சுகள் வாங்கினார்கள். அவற்றின் சிக்னலைப் பிடித்து நெட்வொர்க்கில் அனுப்பும் ரிசீவரை மாட்டச் சென்னைக் கம்பெனியிலிருந்து வந்தவர்தான் முரளி.

ஒவ்வொரு ஸ்விட்சையும் ரிசீவருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவர் ஆபீஸில் ரிசீவர் பட்டனை அழுத்தியதும் நான் ஹாலில் மெஷின் மூடியைத் திறக்க வேண்டும்.

ஹால் சத்தத்தில் போன் கேட்காது. "மேடம், தொறங்க!" என்று ஹால் வாசலுக்கு வந்து கத்துவார். "தொறந்துட்டேன் சார்!" என்று நான். முதல் நாளே இருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

நாலாவது மெஷினைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாவதைத் திறந்தால் நாலு என்று காட்டுகிறது! தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

கடைசியில் பார்த்தால், நாங்கள் நாலை அறிமுகப்படுத்திய அதே நேரத்தில் மெஷின் துடைக்கும் கன்னியம்மா அக்கா ஒன்பதைத் திறந்து சுத்தம் செய்திருக்கிறார். ரிசீவர் அந்த சிக்னலையே நாலு என்று பதிந்துகொண்டுவிட்டது. "நான் இன்னாபா பண்ணேன்? தூசி தட்டிக்கினு இருந்தேன்" என்றார் அப்பாவியாக.

முரளி சிரித்த சிரிப்பு... புரையேறி, நான்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு சார், மேடம் எல்லாம் போய் முரளி, தேவி ஆகிவிட்டது.

வேலை முடிந்தால் அவர் கிளம்பிவிடுவார். அந்த நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி நாள். கம்ப்யூட்டரில் எல்லா ஸ்விட்சும் பச்சை காட்டின. மேனேஜர் வந்து, "முடிஞ்சிச்சாபா?" என்றார்.

"கடைசி மெஷின்ல சிக்னல் வீக்கா இருக்குது சார். அடுத்த வாரம் வேற ஆன்டெனா எடுத்துக்கினு வரணும்" என்றார் முரளி.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். லேப்டாப்பில் சிக்னல் முழுசாக இருந்தது.

"ஆமா சார், ரொம்ப வீக்" என்றேன் நான்.

முரளி திரும்பி என்னைப் பார்த்தார்... மெதுவாக லேப்டாப்பை மூடினார்.

சொன்னபடியே அடுத்த வாரம் வந்தார். ஆன்டெனா பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மறுபடியும் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து மூடிப் பார்த்தோம், டீ குடித்தோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், "வரேன் தேவி" என்றார்.

"சரி" என்றேன். அவர் பஸ் ஏறிவிட்டார்.

அப்புறம் அவருக்கு அங்கே கல்யாணம், எனக்கு இங்கே. என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார். படிக்கட்டும், அவரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன்.

ஆனால் இன்று மனசு கேட்கவில்லை. ரொம்ப ஏக்கமாக இருக்கிறது.

போய் வாங்க முரளி... இன்னும் ஒரு வாரம் சிக்னல் வீக் என்று சொல்லியிருக்கலாம் நாம்.