பூட்டனின் மழை நோட்டு

தாத்தா பிறந்த தேதியைத் தேடி இன்று பசுவந்தனைக்குப் போனேன். தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன், கைப்பட எழுதிய நோட்டு பெரியப்பா மகன் வீட்டில் இருக்கிறது.

போகும்போது பஸ்ஸில் இடமில்லை. போனபின் மூன்று மணி நேரம் குனிந்து படித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

நோட்டு முழுக்க மழைதான். என்றைக்குப் பெய்தது, கரிசலில் எத்தனை விரல் ஈரம் இறங்கியது, என்ன விதைத்தார். ஏழு பிள்ளைகள் பிறந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"என்னண்ணே இப்படி?" என்றேன்.

"மழைக்குத்தாம்லே அவிய காத்துக் கெடந்தாவ. பிள்ளை அதுபாட்டுக்குப் பொறந்துச்சு" என்றார் அண்ணன்.

நான் எழுதிவரும் வம்சாவளியில் தாத்தா பெயருக்கு நேரே, தேதிக்குப் பதிலாக, 'பிறந்த அன்று மழை இல்லை' என்று எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டு நோட்டுகளிலாவது மனிதர்கள் பிறந்திருக்கிறார்களா?