பாலக்கரையில் பார்த்து எடுத்த சட்டம்

மன்னார்புரத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை, காட்டூரில் மாடி வைத்த வீடு, அதற்குப் பக்கத்திலேயே மச்சான் மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த மனை, ஒரு காலத்தில் தஞ்சாவூர் ரோட்டில் ஓடிய எத்தனையோ பஸ்களுக்கு நான் போட்ட கூடு. இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டியவை. வையம்பட்டியிலிருந்து ஒரு வேட்டி, ஒரு துண்டோடு திருச்சிக்கு வந்தவன் நான். என்னை உட்காரச் சொல்லாத ஆபீஸ்களில் பின்னாளில் எனக்கு நாற்காலி போட்டுக் காப்பியும் கொடுத்தார்கள். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்த்து எடுத்த ஒரு பொருள் உண்டு. துருப்பிடித்த ஒரு பிக்கப் வண்டியின் சட்டம். அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மச்சானைப் பற்றி எழுத வேண்டும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு யாரோ ஒருவரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக வண்டி வைத்து வாழைத்தார் ஏற்றலாம் என்றார். புது வண்டி வாங்க எங்கள் இருவருக்கும் வக்கில்லை. எஞ்சினுக்கு ஓரிடத்தில் சொல்லி வைத்தோம். மேல்கூட்டை நானே கட்டிக்கொள்வேன். இல்லாதது சட்டம் ஒன்றுதான். வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்பும் அவற்றைப் பிணைக்கும் குறுக்கு இரும்புகளும் சேர்ந்ததைத்தான் அப்போது சட்டம் என்போம். இப்போது பையன்கள் சேசிஸ் என்கிறார்கள். எஞ்சின் நின்றால் வண்டி ரோட்டோரம் நிற்கும், அவ்வளவுதான். பாரத்தோடு போகும்போது சட்டம் ஒடிந்தால் ஓட்டுகிறவன் வீடு திரும்ப மாட்டான். நாங்கள் கிளம்பும்போது என் மனைவி வாசல் வரைக்கும் வந்து, “அண்ணன் உக்காரப் போற வண்டிங்க, பாத்து எடுங்க” என்றாள். அவள் அப்படி வாசலுக்கு வந்து எதையும் சொல்கிறவள் அல்ல.

பாலக்கரைப் பக்கம் பாய் ஒருவர் பழைய இரும்புக்கடை வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட அமெரிக்க வண்டிகளின் மிச்சம் மீதி அவரிடம் வந்து சேரும். அன்றைக்கு அங்கே இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்று எருக்கஞ்செடிக்கு நடுவில் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. மச்சான் நேராகக் கறுப்புச் சட்டத்திடம் போய் நின்றார்.

“மாப்ளே, இதப் பாருங்க. கல்யாணத்துக்கு ஜோடிச்ச மாதிரி நிக்குது.”

“அதான் மச்சான் எனக்குப் பயமா இருக்கு. எதை மறைக்க இம்புட்டுப் பவுடரு?”

பாய் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். “பெயிண்ட் அடிச்சது நான் இல்லீங்க. என் தலையில கட்டுனாரே, அவரு அடிச்சது.”

என் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். மாட்டின் கொம்பிலுள்ள வளையங்களைப் பார்த்தால் அதன் வயது தெரியும். கிழ மாட்டை விற்க வருகிறவன் அந்த வளையங்களைச் சுரண்டிவிட்டு எண்ணெய் பூசிக் கொண்டுவருவான். பளபளக்கிற கொம்பைக் கண்டால் அப்பா நின்றுகூடப் பார்க்க மாட்டார். சேறு காய்ந்த மாட்டிடம் போய் அதன் வாயைத் திறப்பார். நான் படித்த படிப்பு அவ்வளவுதான். உளியை வாங்கிக் கறுப்புச் சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டினேன். பின்சக்கரத்துக்கு மேலே வருகிற இடத்தில் இரும்பு ஒடிந்து பற்றவைத்த தழும்பு கோணல்மாணலாக ஓடிற்று.

“பாய், இதுக்கு ஆபரேஷன் ஆயிருக்கே!”

“அப்படீங்களா? எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாதுங்களே.”

பிறகு செடியை விலக்கித் துருச் சட்டத்திடம் போனேன். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இதையா? எங்க தெரு நாய்கூட இதுல படுக்காது மாப்ளே” என்றார். துரு எல்லாம் ஒன்றல்ல. சில துரு தோல் மாதிரி மேலாக இருக்கும், கம்பி பிரஷ் போட்டால் பொடியாக உதிர்ந்து கீழே நல்ல இரும்பு தெரியும். சில துரு அடை அடையாகப் பெயரும், அதற்குள் இரும்பே இருக்காது. சேறு தங்குகிற மூலைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரிச் சொல்லும், செத்த இரும்பு மண்சட்டி மாதிரிச் சொல்லும். கடைசிக் குறுக்கு இரும்பு ஒன்று மட்டும் செத்திருந்தது. அதை மாற்றிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் மணி. ரிவெட்டுகள் எல்லாம் கம்பெனியில் அடித்தவை, ஒன்றுகூட ஆடவில்லை. மச்சானை ஒரு முனையில் நூலைப் பிடிக்கச் சொல்லி மூலைக்கு மூலை அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம். சட்டம் முறுக்கிக்கொள்ளவில்லை.

விலை பேசும்போது பழக்க தோஷத்தில் துண்டை விரித்து, அதற்குள் கையை நீட்டினேன். எங்கள் சந்தையில் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வோம், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. “இது பாலக்கரைங்க, மணப்பாறை இல்ல” என்று சொன்ன பாய், ஆனாலும் கையைத் துண்டுக்குள் விட்டார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. “ரெண்டு பேரும் உள்ள கிச்சுகிச்சா மூட்டிக்கிறீங்க?” என்றார் மச்சான். முடிந்த பிறகு சட்டத்தின் மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். “சரி, நீங்க சொன்னா சரி. ஒடிஞ்சா என் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தச் சட்டத்தின் மேல் நான் கூடு கட்டினேன். பச்சைப் பெயிண்ட் அடித்தும் ஊர் அதைத் துரு வண்டி என்றுதான் சொல்லிற்று. ஸ்ரீரங்கத்துத் தோப்புகளிலிருந்தும் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்தும் தார் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும். வண்டி வருஷக்கணக்கில் ஓடிற்று. அதில் வந்ததைக் கொண்டுதான் நான் பட்டறைக்கு இடம் பிடித்தேன். அறுபதுகளின் நடுவில் ஒரு காலை வேளையில், லால்குடி ரோட்டில் பாரத்தோடு வரும்போது முன்டயர் வெடித்து, வண்டி புளியமரத்தில் மோதிற்று. மச்சான் அங்கேயே போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ரோடு முழுக்க வாழைக்காய். ஜனங்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். வாழைப்பால் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டம் முன்பக்கம் வில் மாதிரி வளைந்திருந்தது. மரத்தில் மோதினால் எந்த இரும்பும் வளையும். ஒரு விரிசல் இல்லை. ஒரு ரிவெட்டு விடவில்லை. கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

டயரைப் பற்றி யாரும் பேசவில்லை. ரப்பர் ஒட்டிய பழைய டயர்தான் அன்று எல்லா வண்டியிலும் ஓடிற்று, அதில் பேச என்ன இருக்கிறது? சட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அது செடிக்குள் கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். கருமாதி வீட்டில் எனக்குக் கேட்கும்படியாகவே ஒருவர், “காயலான் கடை இரும்புல உக்கார வெச்சு மச்சானைக் கொன்னுட்டான்” என்றார். மச்சான் மனைவி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி ஒரே ஒரு தரம், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “சட்டம் ஒடிஞ்சுதா?” “ஒடியல” என்றேன். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பினாளா என்று அவள் சாகும்வரை எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மச்சான் மகன் இப்போது பெரிய லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான். போன மாதம் அங்கே தன் அப்பாவின் படத்தை மாட்டினான். அதன் கீழே, பழைய இரும்பில் வண்டி கட்டித் தொழில் தொடங்கியவர் என்று எழுதி வைத்திருக்கிறான். எனக்கு மாலை போட்டு முதல் வரிசையில் உட்கார வைத்தான். அருமையான பையன். ஆனால் அந்தப் பழைய இரும்பை யார் பார்த்து எடுத்தது என்று அதில் இல்லை. கேட்டதற்கு, “வேணாம் மாமா, ஜனங்க மறுபடியும் அதையே பேசுவாங்க” என்றான்.

பேசட்டும். மருமகனே, நீ என் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். உங்கப்பா படத்துக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது. பாலக்கரையில் சட்டத்தைப் பார்த்து எடுத்தவர் இன்னார் என்று என் பெயரை முழுசாகப் போடு. அது ஒடியவில்லை என்றும் அதற்குக் கீழே எழுது. நான் கண்ணால் பார்க்கும்படி, இப்போதே எழுது.