குளிக்காமல் செத்தவன்

பாப்பியம்மா குளிக்காமல் கஞ்சி குடிப்பவள் என்பது எங்கள் காயல்கரை முழுக்கத் தெரியும். இது சின்ன விஷயமில்லை. எங்கள் ஊரில் ஓட்டுவீட்டுக்காரனும் சரி, கயிறு திரிப்பவளும் சரி, விடிந்ததும் குளத்தில் முங்கி எழுந்து தலையில் எண்ணெய் மினுங்கத்தான் அடுப்பங்கரைக்குப் போவார்கள். காய்ச்சல்காரனுக்குக்கூட இதில் சலுகை கிடையாது. பாப்பியம்மாவோ எழுந்ததும் வாயைக் கொப்பளிப்பாள், பழங்கஞ்சியைக் குடிப்பாள், கயிற்றுக் களத்துக்கு நடப்பாள். குளியல் சாயங்காலம்தான்.

"பாப்பியேச்சி, உங்களைப் பார்த்தா பூனைகூட முகம் கழுவும்" என்பாள் அடுத்த கயிற்று ராட்டினத்தில் நிற்கும் தேவயானி.

"கழுவட்டும். பூனைக்கு வேற வேலை என்ன இருக்கு?"

ஊர் வாய்க்குப் பயந்து வாழ்ந்தவளில்லை அவள். கூலி உயர்வு கேட்டுக் களத்துப் பெண்கள் வேலையை நிறுத்தியபோது, கயிறு ஏற்ற வந்த லாரியின் முன்னால் போய்ப் படுத்தவள். போலீஸ்காரர் எழுந்திரு என்றதற்கு, "நீ வேணும்னா பக்கத்துல படுத்துக்க, இடம் இருக்கு" என்றாள். அப்படிப்பட்டவள் வருஷத்தில் ஒரே ஒருநாள் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். எங்கள் நூலகத்தின் ஆண்டுவிழா நாள். அன்று முதல் வரிசையில் அவளை உட்காரவைத்து, அவள் மகன் எப்படிச் செத்தான் என்பதை மேடையில் நடித்துக் காட்டுவோம்.

மகன் பெயர் திவாகரன். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். மறுவருஷம் வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. பனிமலைக்கு ஏற்றிவிட்டார்கள். தந்திதான் திரும்பி வந்தது.

கொஞ்ச நாளில் விடுப்பில் வந்த பக்கத்து ஊர்ப் பட்டாளத்தான் ஒருவன் கள்ளுக்கடையில் ஒரு செய்தியை அவிழ்த்துவிட்டான். திவாகரன் குண்டடிபட்டுச் சாகவில்லை. பனி உருகி வரும் ஓடையில் தினமும் குளித்தான், நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டான், மலையாளிப் பையன்களுக்குக் குளியல் பைத்தியம் என்று மேலதிகாரிகளே சொல்கிறார்கள் என்றான். ஊர் சிரித்தது. பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டது. வெட்கத்தை மூட ஒரு நாடகம் போட்டது. 'வீரன் திவாகரன்'.

எழுதி இயக்கியவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் குறுப்பு. சமவெளியில் ஒரு கிடங்கில் சாமான் கணக்குப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவர். கேன்டீன் ரம் ஒரு மடக்கு உள்ளே போனால் கிடங்கே போர்க்களமாகிவிடும். ரம்முக்காகக் கதை கேட்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. நாடகத்தில் திவாகரன் ஒற்றை ஆளாக ஏழு எதிரிகளைச் சுட்டு வீழ்த்துவான். நேற்றுவரை அழுத சிறுவன் ஒரே ராத்திரியில் ஆண்பிள்ளை ஆவான். மார்பில் குண்டு வாங்கி, இரண்டு பக்க வசனம் பேசி, சிரித்துக்கொண்டே சாவான். நடித்தவன் கள்ளுக்கடை மேனேஜர் ராஜப்பன். வருஷத்துக்கு வருஷம் வீரனின் தொந்தி பெருத்துக்கொண்டு வந்தது. பனிக்கு இலவம்பஞ்சு தூவுவோம். ராஜப்பன் தும்மித் தும்மித்தான் உயிர்விடுவான்.

போர்க்கதை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லமாட்டான். பையனுக்கு மீசை முளைக்கும்முன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள், செத்தபின் மீசை வரைவார்கள். அவனை அங்கே அனுப்பியது யார், எதைக் கொடுத்து அனுப்பினார்கள் என்ற கேள்வி அந்த மீசைக்கு அடியில் மறைந்துபோகும்.

ஒரு வருஷம் ஒத்திகைக்கு நடுவில், வாடகை சைக்கிளைத் திருப்பி எடுத்துப்போக சுகதன் வந்தான். பம்பாய் மில்லில் வேலை போய், எங்கள் முக்கில் புதிதாகச் சைக்கிள் கடை போட்டிருந்தவன். அக்கரைக்காரன். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். மேடையில் ராஜப்பன் முழங்கால்வரை கம்பளிக் கோட்டும் தோல் பூட்ஸும் போட்டு வியர்த்து நின்றான். சுகதன் வாசலிலேயே நின்று பார்த்தான்.

"இந்தக் கோட்டை யார் குடுத்தது?"

"நாடகக் கம்பெனி. வாடகைக்கு" என்றேன். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை.

"அடடா. நாங்க அந்தக் கம்பெனியில சேர்ந்திருக்கணும்."

குறுப்புக்குக் கோபம் வந்தது. "யாருடா நீ?"

"சுகதன். திவாகரனோட ஒரே கூடாரத்துல படுத்தவன். என் கால் விரல் மூணு இன்னும் அங்கதான் இருக்கு, ஹவில்தாரே. குண்டு இல்ல, குளிரு." சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை என் சைக்கிளுக்கு அவன் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது பாப்பியம்மா களத்திலிருந்து வந்தாள். தலையில் தேங்காய்நார் ஒட்டியிருந்தது. வழக்கம்போல் குளிக்கவில்லை.

"நீ அவன்கூட இருந்தியாமே."

சுகதன் எழுந்தான். "இருந்தேன், அம்மா."

"அவன் குண்டு பட்டுச் சாகலேன்னு எனக்குத் தெரியும். அதைக் கேக்க வரல." தலையில் ஒட்டிய நாரைப் பிடுங்கி எறிந்தாள். "அவன் குளிச்சானா?"

சுகதனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கும் புரியவில்லை.

"படகுத்துறையில அவன் ஏறுறப்ப நான்தான் சொன்னேன்" என்றாள். "எங்க இருந்தாலும் குளிக்காம ஒரு பருக்கை வாயில வைக்காதேன்னு. அவன் என் பேச்சைத் தட்டமாட்டான். மறைக்காம சொல்லு. நான் சொன்னதாலதான் போனானா?"

அவள் குளிக்காமல் கஞ்சி குடித்த ஒவ்வொரு காலையும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. தான் போட்ட விதி மகனைத் தின்றுவிட்டது என்று நம்பி, அந்த விதியை நாள்தோறும் மிதித்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளைச் சோம்பேறி என்றது.

சுகதன் கையிலிருந்த ரப்பர் துண்டைக் கீழே வைத்தான். ஸ்டூலை இழுத்து அவளை உட்காரச் சொன்னான்.

"அம்மா, கீழ முகாம்ல இருந்தவரைக்கும் குளிச்சோம். வடக்கத்திக்காரங்க எங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க, மீன்குஞ்சுங்க வந்துடுச்சுன்னு. மேல ஏறினப்புறம் தண்ணியைக் கண்டாலே நடுக்கம். குளியலை முதல்ல விட்டவனே உங்க மகன்தான். தலையெல்லாம் சிக்குப் பிடிச்சு, மேலெல்லாம் நாறிக் கிடந்தோம். அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். 'சுகதா, இப்ப என்னை எங்கம்மா பார்த்தா தோணியை விட்டே இறங்க விடமாட்டா. அப்படியே காயல்ல தள்ளி ஊறப்போடுவா, கயிறுக்குத் தேங்காய்மட்டையை ஊறப்போடுற மாதிரி'ன்னு."

மட்டை ஊறப்போடுவது பாப்பியம்மாவின் வழக்கமான வசவு. சோம்பித் திரிந்தால் மகனை அப்படித்தான் திட்டுவாள். அக்கரைக்காரன் கற்பனையில் அது வந்திருக்க முடியாது.

"அப்புறம் எப்படி?"

"மூட்டை தூக்கினோம். அரிசி, தோட்டா. கழுதை ஏறாத மலை. நடுவுல ஓடையை இறங்கித் தாண்டணும். நனைஞ்ச காலோட ராத்திரி காவல். மேலுக்குப் பருத்திச் சட்டை. காலுக்கு…" கடைச் சுவரில் மாட்டியிருந்த தன் பழைய பட்டாள ஜோடியைக் காட்டினான். பிள்ளைகள் பந்து விளையாடப் போடும் கான்வாஸ் ஷூ. "இதே மாதிரிதான். அவனுக்கு நெஞ்சுல நீர் கோத்துடுச்சு. அப்புறம் விசாரிக்க வந்தவங்க, ஓடையில குளிச்சு நோவை வரவழைச்சுக்கிட்டான்னு சொல்லி முடிச்சாங்க. ஷூ இல்லைன்னு சொல்றதைவிட அது சுலபம் பாருங்க."

"பயந்தானா?"

"பயந்தான். அழுதான்கூட. மறுநாள் காலையில எனக்கு முன்னாடி போய் மூட்டையைத் தூக்கினான்."

"சுட்டானா?"

"ஒரு குண்டும் சுடல."

அவள் எழுந்தாள். சுவரிலிருந்த ஷூ ஜோடியைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஒத்திகை நடந்த இடத்துக்கு நேராக வந்தாள். பின்னால் தேவயானியும் களத்துப் பெண்களும் வந்தார்கள். ஷூக்களை மேடை விளிம்பில் வைத்தாள்.

"குறுப்பு, என் மகன் இதைப் போட்டுக்கிட்டு மூட்டை தூக்கினவன். அதை நடிங்க. அவன் குளிக்காமத்தான் செத்தான். அதையும் அவன் வாயாலயே மேடையில சொல்லணும்."

குறுப்பு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சேச்சி, வீரன்னா பார்க்கிறவனுக்கு நெஞ்சு நிமிரணும். குளிக்கலேன்னு சொன்னா ஜனம் சிரிக்கும்."

"சிரிக்கத்தான் அவன் சொன்னான்."

"அப்ப அந்த ஏழு எதிரிங்க?"

"அந்த ஏழு பேரும் மூட்டை தூக்கட்டும்."

ராஜப்பன் முந்திக்கொண்டு கோட்டைக் கழற்றினான். "எனக்குச் சம்மதம். இதுக்குள்ள நான் வெந்துட்டேன்."

"நான் எழுதினதை மாத்தினா இந்த நாடகத்தையே போடமாட்டேன்" என்றார் குறுப்பு.

"போடாதே. நான் மேடையேறிச் சொல்லிட்டு இறங்குறேன். என்னை இறக்க யார் வர்றாங்கன்னு பார்க்கலாம்."

யாரும் வரப்போவதில்லை என்பது குறுப்புக்குத் தெரியும். அவர் குனிந்து ஒரு ஷூவைக் கையில் எடுத்தார். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். பாதி அழிந்திருந்த கிடங்கு முத்திரையை விரலால் தடவினார்.

"இந்த ஷூவை மூட்டை மூட்டையா நானே ஏத்தி அனுப்பியிருக்கேன்" என்றார், முன்னைவிடத் தணிந்த குரலில். "எந்த ஊருக்குப் போகுதுன்னு கேட்டதில்ல." பிறகு என்னிடம் திரும்பினார். "அந்த ரெண்டு பக்க வசனத்தைக் கிழி."

ஆண்டுவிழாவில் ராஜப்பன் பருத்திச் சட்டையில் வந்தான். பஞ்சு விழுந்தது. முதலில் ஜனங்கள் ராஜப்பனின் தொந்தியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். பிறகு அவன் தலையைச் சொறிந்துகொண்டு, தோணியை விட்டு இறங்க விடமாட்டாள் என்ற வசனத்தைச் சொன்னான். கூடமே வெடித்தது. நான் திரை ஓரத்திலிருந்து முதல் வரிசையைப் பார்த்தேன். பாப்பியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தவில்லை.

நீலத்துணி ஓடையை ராஜப்பன் மூட்டையோடு தாண்டினான். திரும்பி வந்தான். மறுபடி தாண்டினான். யாரும் எதையும் சுடவில்லை. மூன்றாம் தடவை மூட்டையை இறக்கிவைத்து அதன்மேல் தலைசாய்த்தான், வசனமில்லாமல். கைதட்டல் எழவில்லை. பின்வரிசையில் ஒருவர், "அந்தக் குளிர்ல இந்த ஷூவையா கொடுத்தாங்க?" என்று உரக்கக் கேட்டார். இத்தனை வருஷ நாடகத்தில் எங்கள் ஊர் கேட்ட முதல் கேள்வி அது.

விடிந்ததும் நான் குளத்துக்குப் போனபோது பெண்கள் துறையில் சலசலப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் பாப்பியம்மா நின்றாள்.

"என்ன பாப்பியேச்சி, கஞ்சி தீர்ந்துபோச்சா?" என்றாள் தேவயானி.

"கஞ்சி அடுப்புல இருக்கு. குளிச்சிட்டுத்தான்" என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.