முத்தம்மாவின் நீலக்கரைச் சேலை

உடையப்பனுக்குப் பொய் சொல்ல வராது. அதை அவனுடைய நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு நீச்சல் வராத மாதிரி அவனுக்கு அது வராது, அவ்வளவுதான். மலாயாவில் காம்பார் பக்கம் புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், பால் வாளியில் தண்ணீர் கலந்து எடையை ஏற்றுவது எல்லோரும் செய்கிற காரியம். உடையப்பனும் ஒருநாள் செய்தான். கணக்கு எழுதும் கிராணி வாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "என்னா உடையப்பா, சொகமா?" என்றுதான் கேட்டார். "ரெண்டு டின்னுதாங்க ஐயா ஊத்துனேன்" என்று இவன் உளறிவிட்டான். அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற அத்தனை பேர் வாளியையும் சோதித்தார்கள். தோட்டமே ஒரு வாரம் உடையப்பனோடு பேசவில்லை, சீனி ஒருவனைத் தவிர.

சீனி பக்கத்து வீட்டுப் பையன். உடையப்பனின் அப்பாவும் அம்மாவும் அவன் பால்பல் விழும் வயதிலேயே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சீனியின் அம்மா முத்தம்மா தன் பிள்ளைக்குப் பிசைந்த சோற்றில் இவனுக்கும் சேர்த்துப் பிசைந்தாள். அப்புறம் சீனியின் அப்பாவும் போனார். இரண்டு பையன்களுக்குமாக மிச்சமிருந்தது அந்த ஒரே அம்மாதான். மீசை அரும்பிய வயதில் இருவரும் ஒரே கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்து வைத்து முகம் பார்த்தார்கள். உடையப்பனுக்கு அடர்த்தியாக வந்தது. சீனிக்கு ஏனோ தானோவென்று நாலு முடி. "எங்கம்மா போட்ட சோறெல்லாம் உன் மூஞ்சிக்கே போயிருச்சுடா" என்று சீனி பொருமுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் வந்தது வினை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் இருந்தால்தான் வேலை என்றார்கள். சீனி இந்த மண்ணில் பிறந்தவன்தான். ஆனால் பிறந்ததை யாரும் பதியவில்லை; முத்தம்மாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? பெர்மிட் கிடைக்கவில்லை. ஒருநாளும் பார்த்தறியாத இந்தியாவுக்கு, பினாங்கிலிருந்து கப்பல் ஏறினான். புருஷனைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று முத்தம்மா நின்றுவிட்டாள். கப்பல்துறையில் சீனி உடையப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அம்மாவ பாத்துக்கடா. ஒரு வருஷத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

"நான் பாத்துக்கிறேன்லா, நீ போ" என்றான் உடையப்பன். அந்த வாக்கை அவன் காப்பாற்றினான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீடு பிடித்து, ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் சோயா சாஸ் கம்பெனியில் வேன் ஓட்டினான். முத்தம்மா கிழவியும் கூடவே வந்தாள். உடையப்பனின் மனைவி மங்களத்துக்கும் அவளுக்கும் குழம்பில் புளி போடுவதிலிருந்து துணி காயப் போடுவது வரை ஒத்துப்போனதே கிடையாது. ஆனாலும் கிழவிக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருந்து ஈரத்துணி போட்டவள் மங்களம்தான்.

சீனிக்கு ஒரு வருஷம் பதினொன்றாக நீண்டது. சேலம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அவனை 'மலாயாக்காரன்' என்று வாசலோடு அனுப்பினார்கள். மதராஸில் கேன்டீனில் கரண்டி பிடித்து, பட்டினி கிடந்து, கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக வேலை கிடைத்தது. கப்பல் ஜப்பானில் நிற்கிறது, அங்கே போய் ஏற வேண்டும், வழியில் மலாயாவிலேயே சுபாங் விமான நிலையத்தில் மதியம் மூன்று மணி நேரம் விமானம் மாறக் காத்திருப்பு என்று எழுதியிருந்தான். விசா கிடையாது, வெளியே வர விடமாட்டார்கள். ஆனால் மேல்மாடியில் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறதாம், அங்கே வந்து நின்றால் கீழே விமானம் மாறக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம் என்று கப்பல்காரன் ஒருவன் சொன்னானாம். 'அம்மாவை அந்த நீலக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லு. கூட்டத்தில் அடையாளம் தெரியும்.'

அது அவன் எப்போதோ ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பிய சேலை. சந்தன நிறம், நீலக்கரை. கிழவி அதை ஒருநாளும் உடுத்தவில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தாள். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேசுனா அவனுக்குக் கேக்குமாடா?" என்று நூறு தடவை கேட்டிருப்பாள். கேட்காது என்று உடையப்பன் நூறு தடவையும் உண்மையைச் சொன்னான். "அப்ப நீ என்னாத்துக்கு இருக்க, நல்லா கைய ஆட்டு" என்பாள்.

சுபாங் போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, குளித்துவிட்டு வந்து தலை துவட்டியவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். மங்களம் காப்பியோடு வந்து கூப்பிட்டபோது உயிர் இல்லை.

பாவி மனுஷி, மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று உடையப்பன் வாய்விட்டே கத்தினான். தந்தி கொடுக்கலாம் என்றார் பக்கத்து வீட்டு ராமையா. கொடுத்து? சீனியால் இங்கே இறங்க முடியாது. அங்கிருந்து கிளம்பாமல் நின்றால் பதினொரு வருஷம் கழித்துக் கிடைத்த பிழைப்பும் போகும். கிளம்பினால், அம்மா இல்லாத ஊரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தெரியாத கடலில் தனியாக அழ வேண்டும். உடம்பைக் குளிப்பாட்டிய பெண்கள், ஆசையாக வைத்திருந்த சேலை, அதையே கட்டிவிடலாம் என்று நீலக்கரையை எடுத்தார்கள். உடையப்பன் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"இது வேணாம். வேற கட்டுங்க."

செத்தவளுக்கு ஒரு சேலை கொடுக்க மனசில்லாதவன் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவனுக்கு அது உறைக்கவில்லை. மகன் ஸ்தானத்தில் அவனே முடியெடுத்து, கொள்ளி வைத்துவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் மங்களத்திடம் விஷயத்தைச் சொன்னான்.

"நான் அந்தக் கெழவியாட்டம் நிக்கணுமா?"

"தூரத்துல இருந்துதான பாப்பான். முக்காடு போட்டுக்க. தலையில கொஞ்சம் பவுடரு. ஒரு தடவ அம்மாவ பாத்தோம்னு கப்பல் ஏறட்டும் மங்களம். அவன் கரைக்கு வந்தப்பறம் நானே எழுதிச் சொல்லிடுறேன்."

"அவங்க நெத்தியில பொட்டு இல்லீங்க."

மங்களம் தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக்கொண்டாள்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் எதுக்க உக்காந்திருக்கீங்க. நான் பொட்ட அழிக்கணுமா? அவ்வளவு தூரத்துக்கு அது தெரியவா போவுது?"

"அம்மா நெத்தி அவனுக்குத் தெரியாதா?" என்றான். மங்களம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தவுக்கே வேனைக் கொடுத்தார். சோயா சாஸ் வாடையோடு தாப்பா, தஞ்சோங் மாலிம் என்று பழைய சாலையில் போனார்கள். மொட்டைத் தலையை மறைக்கத் தவுக்கேயிடமே ஒரு தொப்பியும் வாங்கியிருந்தான். வழியெல்லாம் சரிபார்த்துக்கொண்டே வந்தான். வளையலைக் கழற்றியாச்சு. தாலி ரவிக்கைக்குள்ளே. கிழவி எப்போதும் இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்பாள், அதை மங்களம் செய்து காட்டினாள். உடையப்பன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சற்று நேரம் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். அவ்வளவு அச்சாக இருந்தது.

சுபாங்கில் முதல் காரியமாக அங்கிருந்த காவலரிடம், ஒரு நிமிஷம் கீழே போய்க் கையைத் தொட்டுவிட்டு வரலாமா என்று மலாயில் கெஞ்சினான். "டிரான்சிட். தா போலே" என்று அவர் முடியாதெனத் தலையை ஆட்டினார். கெட்டவராகத் தெரியவில்லை, சட்டம் அப்படி. மங்களம் பெண்கள் கழிவறைக்குள் போனாள். வெளியே வந்தபோது நீலக்கரைச் சேலையும் முக்காடும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்தாள். உடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாருங்க" என்றாள் மங்களம். "நீங்க சொல்லித்தான அழிச்சேன். பாத்துட்டு வாங்க." அவன் பார்த்தான். தன் சாவையே பார்க்கிற மாதிரி இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே பயணிகள் வரத் தொடங்கினார்கள். தோளில் பையோடு ஒல்லியாக ஒருவன் அண்ணாந்து பார்த்தபடி வந்தான். சீனிக்கு முன்மண்டை ஏறியிருந்தது. மீசை மட்டும் ஒருவழியாக அடர்ந்து, பாதி நரைத்து, நன்றாக வந்திருந்தது. அவன் கண் ஒவ்வொரு முகமாகத் தாண்டி வந்து நீலக்கரையில் நின்றது. பை கீழே விழுந்தது. 'அம்மா' என்று வாய் அசைந்தது தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, அத்தனை பேர் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

மங்களத்தின் கை தானாக உயர்ந்து ஆசீர்வாதம் செய்தது. சீனி எழுந்து, கையை வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டான். மங்களம் தலையாட்டினாள். பையிலிருந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்து, தன் தோளில் போட்டுக் காட்டி, உனக்குத்தான் என்று மேலே சுட்டினான். அழுகையும் சிரிப்புமாக இருந்தான். பலித்துவிட்டது என்று உடையப்பன் நினைத்தான்.

அப்புறம்தான் சீனி அவனைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்து கையை உயர்த்தியவன் பாதியில் நிறுத்தினான். தன் மீசையில் விரலை வைத்து, எங்கே என்று கையை விரித்தான்.

உடையப்பன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தான். மழமழவென்று இருந்தது. சேலையை யோசித்தார்கள், வளையலை யோசித்தார்கள், மொட்டையைத் தொப்பியால் மறைத்தார்கள். பெற்றவள் போனால் எடுக்கிற மீசை எடுபட்டுப் போனதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். தொப்பியைக் கழற்று என்று சீனி சைகை காட்டினான். உடையப்பன் கழற்றினான். இரண்டு கையையும் மொட்டைத் தலைக்கு மேல் குவித்து, முருகனுக்கு வேண்டுதல் என்று காட்டினான். வேறு யாராவது செய்திருந்தால் நம்பும்படிதான் இருந்திருக்கும்.

"சிரிங்க" என்றாள் மங்களம் முக்காட்டுக்குள்ளிருந்து. "ஐயோ, சிரிங்கன்னா."

அவன் சிரித்தான். கன்னம் இரண்டும் நடுங்கி, கண்ணீர் கொட்டியது. சீனி அவனையே பார்த்தான். பிறகு நீலக்கரைச் சேலையை, முக்காட்டுக்குள் இருந்த முகத்தை, வெகுநேரம் பார்த்தான். மெல்லத் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்துபோனான்.

உடையப்பன் கண்ணாடியில் அறைந்தான். "டேய் சீனி!" என்று கத்தினான். எந்தச் சத்தமும் கீழே போகவில்லை. காவலர் வந்து அவன் தோளைப் பிடித்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் கீழே விடுங்கள் என்று அவர் காலைப் பிடிக்கப் போனான். அவர் பதறி விலகினார், ஆனால் விடவில்லை. தெரியாமலே கப்பல் ஏறியிருக்க வேண்டியவனை, தெரிந்தும் தெரியாமலும் நடுவில் தவிக்க விட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். மங்களம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஜப்பான் விமானத்துக்கு அழைத்தார்கள். கீழே வரிசை நின்றது, குறைந்தது, முடியப்போனது. சீனியைக் காணவில்லை.

கடைசி ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போது அவன் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எங்கோ ஒரு குழாயடியில் தலை முழுகியிருக்கிறான். மேலுதட்டில் மீசை இல்லை. அவசரத்தில் பிளேடு பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது.

கண்ணாடிக்கு நேர் கீழே வந்து நின்று, உடையப்பனைப் பார்த்துக் கைகூப்பினான். கொள்ளி வைத்தவனுக்குச் செய்கிற கும்பிடு. உடையப்பன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். விமானக் கம்பெனிப் பெண் வந்து சீனியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. மங்களத்தைப் பார்த்து, தன் நெற்றி நடுவில் விரலை வைத்து அழுத்திக் காட்டினான். அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் நெற்றியில் விரலை வைத்து, அவளைச் சுட்டி, பக்கத்தில் நின்ற உடையப்பனைச் சுட்டினான்.

மங்களம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குங்குமச் சிமிழை எடுத்தாள். மூடி திறக்கவில்லை. உடையப்பன் வாங்கித் திறந்து, திருநீற்றைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அவள் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சீனி திரும்பி நடந்தான்.